பக்கிரிசாமி கொடுத்த வால்வு

கெண்டைக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. ஒன்றரை வருடமாக மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதையும் அதிகம் காணாத உடம்பு. ஊதிப்போன கால் இரவெல்லாம் கடுக்கும், பகலில் மரத்துப்போகும். குழந்தைவேலு அந்தக் காலை ஒரு விறகுக்கட்டையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, புகைக்கூடத்தின் இருட்டில், தான் செய்த ஆம்ப்ளிஃபயரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒலிபெருக்கிக் குழாய் இருமியது.

அவன் இருமவில்லை. புகைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. மைக்கின் கம்பி இன்னும் மாட்டப்படாமல் தரையில் சுருண்டு கிடந்தது.

வெளியே பிற்பகல் வெயில். உள்ளே எந்த நேரமும் ஒரே நேரம்தான். ஜன்னல் இல்லாத தகரக் கட்டடம் அது; வெள்ளைக்காரத் துரை இருந்தவரை ரப்பர் ஷீட்டுகள் வரிசை வரிசையாக மூங்கிலில் தொங்கிப் புகையில் வெந்துகொண்டிருந்த இடம். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரைக் கேட்க நாதியில்லை, அடுப்பு அணைந்தது. ஆனால் இருபது வருடப் புகை சுவரிலும் மூங்கிலிலும் கறுப்புத் தோலாகப் படிந்து, வியர்த்து, கெட்டுப்போன கொழுப்பும் ஈர விறகும் கலந்தது போன்ற ஒரு வாடையை விட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து ஸ்டோரில் ஓடும் எஞ்சினின் நாற்றம் வேறு. டீசல் கிடைக்காமல் ரப்பரையே காய்ச்சி வடித்த எண்ணெயில் அதை ஓட்டினார்கள். செருப்பை எரிக்கிற நாற்றம். ஆம்ப்ளிஃபயர்ப் பெட்டிக்கு மின்சாரம் அந்த எஞ்சினிலிருந்துதான், தினம் ஒரு மணி நேரம், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் உத்தரவு.

குழந்தைவேலு அந்த ஸ்டோரின் ஃபிட்டர். கல்யாணம் கட்டாத ஆள். சம்பளத்தன்று மற்றவர்கள் கள்ளுக்கடைக்குப் போக, அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூலிம் டவுனுக்குப் போவான். அடகுக்கடையில் செத்த ரேடியோவாகப் பார்த்து வாங்கி வந்து, வயிற்றைக் கிழித்து, உள்ளேயிருக்கும் கண்ணாடி வால்வுகளைப் பஞ்சில் சுற்றி வைப்பான். சம்பளத்தைக் கண்ணாடியில் கொட்டுகிறான் என்று கூலிகள் குடியிருக்கும் லயத்தில் சிரிப்பார்கள். ரேடியோவை ஒளித்து வைத்தவர்களை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போகிறான் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் புகைக்கூடத்து அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தான். இப்போது அதே ஜப்பான்காரனே கேட்கிறான். நாலு நாளில் பெரட்டுக் களத்தில் குழாய் பேச வேண்டும். விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தக் களத்தில் கூப்பிடுகிற பேர் கடைசி லயத்துக்கும், பெலுக்கார்ப் புதர்க்காட்டுக்குள் ஒளிந்து கிடப்பவனுக்கும் கேட்க வேண்டும்.

பிஸ்கட் டின்னைத் தட்டி நிமிர்த்திப் பெட்டி செய்தான். பென்சில் கரியை உடைத்து ரெசிஸ்டர் செய்தான். சிகரெட் காகிதத்து ஈயத்தாளை மெழுகில் தோய்த்துச் சுருட்டிக் கண்டென்சர் செய்தான். வால்வு மட்டும் யாராலும் செய்ய முடியாது. நல்லதாக நாலு இருந்தது, மூன்றைப் பெட்டியில் சொருகினான். நடுவில் நின்ற பெரியது பக்கிரிசாமி கொடுத்தது.

பழைய வால்வுக்கு ஒரு நோய் உண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி தளர்ந்துவிட்டால் கண்ணாடியே காதாகிவிடும். பக்கத்தில் தட்டினால் குழாயில் மணி அடிக்கும், பேசினால் பேசும். அதுதான் இது என்று குழந்தைவேலு தனக்குச் சொல்லிக்கொண்டான். பக்கத்தில் யாரும் இருமவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தான். பெட்டியின் வழக்கமான ரீங்காரத்துக்கு அடியில், வெகு தூரத்தில், இலைகளின்மேல் மழை பெய்தது. தகரக் கூரைமேல் இல்லை. கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. மழை. அப்புறம் சேற்றில் பல கால்கள் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிற சத்தம். அப்புறம் இரும்பின்மேல் இரும்பு, அவசரமில்லாமல், ஒருவன் களைத்துப்போய்ச் சம்மட்டி அடிப்பது மாதிரி. மறுபடியும் இருமல். இரண்டு சின்னது, ஒரு நீளம். புகைக்கூடத்தில் பதினைந்து வருடம் விறகு தள்ளியவனின் இருமல். அந்த இருமலைக் குழந்தைவேலு சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து எத்தனை வருடம் கேட்டிருக்கிறான்.

ஸ்டோரில் எஞ்சின் நின்றது. ரீங்காரம் செத்தது. ஓரத்து வால்வுகள் இரண்டும் சிவந்து, மங்கி, அணைந்தன. நடுவிலிருந்தது அணையவில்லை. கொள்ளிக்கட்டையின் நுனி மாதிரி ஒரு துளி நெருப்பு உள்ளேயே நின்றது. விரலை வைத்தான், சூடு இல்லை. தண்ணீரில் கிடந்த கல் மாதிரி சில்லென்றிருந்தது. துணியால் துடைத்தான். ஈரம் போகவில்லை.

ஈரம் உள்ளே இருந்தது.

வால்வுக்குள் காற்றே கிடையாது. ஊசி முனையளவு காற்றுப் புகுந்தாலும் அது செத்துவிடும். அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில் மழை பட்ட ஜன்னல் மாதிரி நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்துகொண்டிருந்தன.

*

துரை குடும்பத்தோடு காரில் ஓடிப்போன அன்று தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. நாற்காலி, மேசை, மெத்தை என்று ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி மட்டும் ரேடியோவின் பின்பக்கத்தை உடைத்து இந்த ஒரு வால்வைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். "டேய் கொழந்த, ஊரே மெத்த தூக்குது, நான் ஒனக்கு வெளக்கு தூக்கியாந்தேன்" என்றான். அவனை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரட்டில் பேர் கூப்பிட்டால் "ஐயா" என்று சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடப்பவனுக்கும் கள்ளில் கிடப்பவனுக்கும் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றி "ஐயா" என்பான். விடியாத இருட்டில் குரல்தான் ஆள். அன்றைய பங்கு பறிபோகாது. இன்னொரு நாள் அவன் இவனுக்குச் சொல்வான். யாரும் நன்றி சொல்வதில்லை. ஒரு "ஐயா"வுக்கு ஒரு "ஐயா", அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதம் ஒரு விடியற்காலை, பேர் கூப்பிட்டதும் இடப்பக்கம் போய் நிற்பவர்களுக்கு அரிசியும் துணியும் என்றார்கள். குழந்தைவேலு களத்துக்கு வரவில்லை. முப்பது அடி தள்ளி இந்தப் புகைக்கூடத்தில், பற்றவைக்கும் ஈயக்கோலைக் கரியில் காய்ச்சிக்கொண்டிருந்தான். குழந்தைவேலு என்று கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது. "ஐயா" என்று பக்கிரிசாமி சொன்னதும் கேட்டது. அன்றைய பட்டியலில் பக்கிரிசாமியின் பேரே இல்லை. சிநேகிதனின் அரிசியை வாங்கிவைப்போம் என்று இடப்பக்கம் போய் நின்றான். லாரிகள் வந்தன. சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தார்கள். சயாமில் தண்டவாளம் போட ஆள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

குழந்தைவேலு கதவை ஒரு சாண் திறந்து பார்த்தான். லாரியில் ஏறும்போது பக்கிரிசாமி புகைக்கூடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பினான். நான் குழந்தைவேலு இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தக் கதவை உடைத்திருப்பார்கள். அவன் சொல்லவில்லை. இவன் கதவை மெல்லச் சாத்தினான்.

மறுநாள் பெரட்டில் பக்கிரிசாமி என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லாவிட்டால் அவன் பெண்சாதி காளியம்மாவின் அரிசி போய்விடும். குழந்தைவேலு "ஐயா" என்றான். நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கணக்குப்படி குழந்தைவேலு சயாமில் இருக்கிறான்.

*

இரண்டாம் நாள் கிராணி சின்னத்துரை புகைக்கூடத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளை வேட்டி காவியாகிப்போயிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சேறு நாறுதே, எங்கேயிருந்து என்று கேட்டார். குழந்தைவேலு நகர்ந்து வால்வை மறைத்தான். அவனுக்கும் நாறிக்கொண்டுதான் இருந்தது. வால்வுக்குள் தண்ணீர் விரல் அகலத்துக்கு ஏறி, மஞ்சளாகக் கலங்கியிருந்தது.

கிராணி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாளை மறுநாள் சயாமுக்கு முப்பது பேர். முதல் பேர் பக்கிரிசாமி.

"அது எம்பேரு இல்லீங்களே" என்றான் குழந்தைவேலு.

"ஓம். ஆனா நாலு மாசமா அந்தப் பேருக்கு ஐயா சொல்லுறது ஆர்?"

அவர் குரல் மிரட்டவில்லை, நடுங்கியது. பெட்டி நன்றாகப் பேசினால் ஃபிட்டர் தேவை என்று சொல்லி அந்தப் பேரை அடித்துவிடலாம் என்றார். ஆனால் முப்பது என்றால் முப்பது. "அந்த இடத்தில காளியம்மா எண்டு எழுதுறன். பொம்பிளையளையும் எடுக்கிறாங்கள்தானே. எனக்கும் பிள்ளையள் இருக்கு, விளங்குதோ?" என்றார். நாளைக்குள் சொல்லும்படி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் தன் பங்குக் கிழங்கில் பாதியைக் கொண்டுபோய்க் காளியம்மாவிடம் கொடுத்தான். சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ரப்பர் மரத்தை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கையால் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்புருசன் பேருல வர்ற அரிசிய ஒரு வா திங்க மாட்டேங்கிற. ஏண்ணே?"

அவன் அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினான்.

"அன்னிக்கு ஸ்மோக்கவுசு கதவு ஒரு சாண் தெறந்திச்சி. நான் லயத்து வாசல்ல நின்னேன்லா. பாத்தேன்."

ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றான்.

"கேட்டா ரெண்டு பேரும் போயிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் கிராணியின் ஆபீஸ் வாசலில் போய் நின்றான். கால் வலித்தது, படியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பேர அடிக்காதீங்க. பக்கிரிசாமின்னே இருக்கட்டும். கூப்புடுங்க, நான் ஐயான்னு சொல்லி லாரி ஏறுறேன்."

"விசரே உமக்கு? இந்தக் காலோட அங்க போய் எத்தினை நாள் இருப்பீர்?"

"அது என் சூசா, என் பாடு. காளியம்மா பேரு அந்தக் காயிதத்துல இருந்திச்சின்னா பெட்டி ஊமையாயிரும். ஜப்பான்காரன் கேட்டா கிராணியார்தான் ஒடைக்கச் சொன்னாருன்னு சொல்லுவேன். அடி வாங்குறதுக்கு எனக்கு ஒடம்பு இருக்கு. ஒங்களுக்கு இருக்கான்னு பாத்துக்குங்க."

கிராணி பேனாவை மூடினார். பத்து வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு கூலிக்காரன் இப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

*

மூன்றாம் நாள் மதியம் அவன் எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கதவைத் திறந்ததுமே நடு வால்வு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் பாதிக்குமேல் ஏறியிருந்தது. நெருப்பு அந்தக் கலங்கல் தண்ணீருக்குள்ளேயே எரிந்தது. கம்பி மாட்டாத குழாயிலிருந்து மழை கொட்டிற்று. நாற்றம் இப்போது சேறு மட்டும் இல்லை. வயிற்றுப்போக்கு. அழுகின கால். எரிக்க ஈர விறகுகூடக் கிடைக்காத பிணம்.

ஓடச் சொல்லி உடம்பு கெஞ்சியது. கால் மரத்துக் கிடந்தது. உட்கார்ந்தான்.

"பக்கிரிசாமி" என்று மெல்லச் சொன்னான்.

மழை நின்றது. சம்மட்டி நின்றது. சேற்றில் நடந்த கால்கள் நின்றன. எல்லாரும் திரும்பிப் பார்ப்பது மாதிரி ஒரு அமைதி.

"ஐயா."

குழாயின் வாய் ஈரமாகியிருந்தது. பஞ்சுக்குள் இன்னொரு வால்வு இருந்தது. சின்னதுதான், ஆனால் வேலை செய்யும். இதைப் பிடுங்கி அதைச் சொருகினால் பெட்டி சுத்தமாகப் பேசும். நாளைக்குக் களத்தில் கிராணியின் குரலைத் தவிர வேறெதுவும் கேட்காது. கையில் எடுத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு அதைத் தரையில் வைத்து, ஊதின காலின் குதிகாலால் மிதித்தான். கண்ணாடி நொறுங்கியது. மரத்த கால், வலிக்கவில்லை.

"ஒருக்கா கதவ சாத்திட்டேன்" என்றான் குழாயைப் பார்த்து. "இனி சாத்த மாட்டேன். வர்றதா இருந்தா வா."

குழாய் இருமியது. இரண்டு சின்னது, ஒரு நீளம்.

*

கடிகாரத்தை ஜப்பான்காரன் முன்னால் தள்ளி வைத்திருந்ததால் ஏழு மணி என்றால் இன்னும் கும்மிருட்டு. களத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் குழாயைக் கட்டியிருந்தார்கள். கீழே மேசை. மேசைமேல் பெட்டி, அரிக்கேன் விளக்கு, மைக், காகிதம். பெட்டியைப் பார்த்துக்கொள்ளக் குழந்தைவேலு மேசையருகிலேயே நின்றான். வால்வுக்குள் தண்ணீர் உச்சியைத் தொட்டிருந்தது. ஒரு அதிகாரி, ஆறு சிப்பாய்கள். பின்னால் மூன்று காலி லாரிகள். லயத்து ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பசியில் யாருடைய வயிறோ கத்தியது.

கிராணி மைக்கை வாயருகே கொண்டுபோனார். அவர் குரல் மரத்திலிருந்து இடியாக விழுந்தது.

"பக்கிரிசாமி."

குழந்தைவேலு மூச்சை இழுத்தான். நெஞ்சில் பயம் இல்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக இல்லை. இன்றைக்குத் தீர்ந்துவிடும். வாயைத் திறந்தான்.

"ஐயா" என்றது குழாய்.

எல்லாருக்கும் கேட்டது. வரிசையில் காளியம்மா ஒரு கையால் வாயைப் பொத்தினாள். முதல் லாரியின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. யாரோ கால் வைத்து ஏறின மாதிரி பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பலகையில் ஈரமான ஒரு பாதச் சுவடு பதிந்து கிடந்தது.

சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான். ஆள் இல்லை. அதிகாரி ஏதோ கத்தினான். கிராணி அடுத்த பேரை வாசித்தார்.

"அம்மாசி."

மூன்றாம் வரிசையில் நின்ற அம்மாசி வாயைத் திறக்கவே இல்லை.

"ஐயா." வேறு குரல். ஏப்ரலில் போன ஒருவனின் குரல். கூட்டத்தில் ஒரு கிழவர் அந்தக் குரலுக்கு நிமிர்ந்தார். ஸ்பிரிங் கிரீச்.

"முருகையா."

"ஐயா."

"பரஞ்சோதி."

"ஐயா."

கிராணி நிறுத்தப் பார்த்தார். வாய் நிற்கவில்லை. பேர். ஐயா. பேர். ஐயா. ஒவ்வொன்றும் தெரிந்த குரல். சில குரல்களில் தண்ணீர் கொப்பளித்தது. சில குரல்களுக்கு நாக்கே இல்லை, காற்று மட்டும். ஒவ்வொன்றுக்கும் லாரி தாழ்ந்தது. பலகையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. ஒரு சிப்பாய் கான்வாஸைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தினான். கத்தி எதிலோ மெத்தென்று இறங்கியது. பிடுங்கினான். காலி. அந்த நாற்றம் அவன்மேலேயே வந்து மோத, மண்டியிட்டு வாந்தியெடுத்தான்.

முப்பது பேர். முப்பது "ஐயா". மூன்று லாரிகளும் டயர் நசுங்கி நின்றன. உயிருள்ளவர்களில் ஒருவர்கூட நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அதிகாரி வாளை உருவினான். கம்பியை வெட்டினான். குழாய் மரத்திலிருந்து சேற்றில் விழுந்து, வாய் மேலே பார்க்கக் கிடந்தது. அவன் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு ஓடினான். எஞ்சின்கள் உறுமின. காலி லாரிகள் மூன்றும் மேட்டில் ஏற முடியாமல் திணறி, புகை கக்கி, முப்பது ஆளின் பாரத்தோடு மெல்ல மெல்ல ஏறின.

யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கிராணி நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார். பெட்டிக்குக் கம்பி இல்லை. ஸ்டோர் எஞ்சின் நின்று வெகுநேரம். நடு வால்வு மட்டும் எரிந்தது.

சேற்றில் கிடந்த குழாய் இருமியது.

"குழந்தைவேலு."

பட்டியலில் இல்லாத பேர். கிராணி கூப்பிடாத பேர். பெரட்டில் கூப்பிடுகிற அதே ராகம்.

லயத்து ஜனங்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்காகக் குரல் மாற்ற ஒருவரும் இல்லை.

குழாயின் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீர். விளிம்புக்கு வந்தது. அதன் நடுவில், உள்ளேயிருந்து யாரோ மேலே பார்ப்பது மாதிரி, ஒரு துளி நெருப்பு.

"டேய் கொழந்த."

லாரிகளின் உறுமல் மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் கேட்டது. குழந்தைவேலு பல்லைக் கடித்தான். தொண்டைவரை வந்த "ஐயா"வை விழுங்கினான்.

"இப்ப சொல்ல மாட்டேன்" என்றான். "ரெண்டு தடவ எனக்காக ஐயா சொல்லிட்ட. அத இந்த ஜப்பான்காரனுங்க காதுல விழ நான் திருப்பித் தர மாட்டேன். இவனுங்க இந்த மண்ண விட்டுப் போகட்டும். அப்ப கூப்புடு."

தண்ணீர் வழியவில்லை, வற்றவும் இல்லை. விளிம்பில் நின்றபடி, இருமலுக்கு ஒரு தடவை நடுங்கி, மறுபடி அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்த நெருப்பு அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழந்தைவேலுவும் எடுக்கவில்லை.

பக்கிரிசாமிக்கு அவன் தரவேண்டியது தன் சொந்தப் பேருக்கான ஒரு "ஐயா". இன்னும் பாக்கி.